உரிமையாளர் இல்லாத மூன்று பேர்

டேட்டாபேஸிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் அந்த மாடியறையில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நித்தியச் சண்டை. கொழுந்தன் கருவிக்காரன். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், அவனுடைய ஓ.ஆர்.எம். கருவியே டேட்டாபேஸுக்கான கேள்வியை, அதாவது குவெரியை, எழுதித் தகவலைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடும். அண்ணிக்கு அதெல்லாம் ஒத்துவராது. தன் குவெரியைத் தானே கைப்பட எழுதினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கீழ்த்தளத்து விலங்கு மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த புரோகிராமில் அன்று காலை வம்பு வந்தது. எந்த விலங்குக்கு என்ன மருந்து என்று காட்டும் பட்டியல் திறக்க நாற்பது விநாடி. டாக்டரம்மா சத்தமெல்லாம் போடவில்லை. "மதியத்துக்குள்ள சரியாகலைன்னா நான் பழைய நோட்டுக்கே போயிடறேன்" என்று மட்டும் போனில் சொன்னார். அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு வாடிக்கைதான். அது போனால் மாடியறையையும் காலி செய்ய வேண்டியதுதான்.

அண்ணிக்கு விஷயம் உடனே பிடிபட்டது. கருவி இரண்டாயிரம் விலங்குகளின் பட்டியலை வாங்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யாரென்று கேட்கத் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உன் கருவி உப்புக்கு ஒரு நடை, சர்க்கரைக்கு ஒரு நடைன்னு கடைக்கு ஓடிட்டிருக்கு."

"ஒரே நடையா வாங்கிட்டு வான்னு அதுகிட்டயும் சொல்லலாம் அண்ணி. பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷமா? நகரு."

விலங்குகளையும் உரிமையாளர்களையும் சேர்த்து ஆறே வரியில் ஒரு குவெரி. பட்டியல் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அண்ணி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"எல்லாம் வருதான்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

"எனக்கேவா?" என்றாள் அண்ணி.

ஒரு மணி நேரம் கழித்துப் பாராட்டு வாங்கக் கீழே போனாள். கிடைத்தது. டாக்டரம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் பின்கட்டு வரை போனவள், அங்கே அனத்தல் கேட்டு நின்றாள். சாலையில் அடிபட்டுக் கிடந்து தூக்கிவரப்பட்ட மூன்று நாய்கள். அனத்தியது காது கிழிந்த கறுப்பு நாய். காலில் கட்டு.

"இதுக்கு வலி ஊசி போட்டாச்சா?" என்று கம்பவுண்டரைக் கேட்டாள்.

"லிஸ்ட்ல வரலையேம்மா. டாக்டர் நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் குவெரி, உரிமையாளர் உள்ள விலங்குகளை மட்டும்தான் கொண்டுவந்திருந்தது. இந்த மூன்றுக்கும் அந்த இடம் காலி. மெதுவாக ஓடினாலும் கருவி ஒருவரையும் விட்டுவிடவில்லை. நைசாக மேலே போய்த் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "டாக்டர், தப்பு என்னோடது. முதல்ல ஊசி போடுங்க" என்றாள். ஊசி போட்ட பின் அனத்தல் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவிடம் இன்னும் ஏதோ பேசிவிட்டுத்தான் மேலே வந்தாள்.

கொழுந்தனிடம் ஒன்று விடாமல் சொன்னாள். வழக்கமாகக் கிண்டலடிப்பவன் அன்று நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். அது அவளுக்கு இன்னும் உறைத்தது.

"தகவல் சேர்க்கறது, திருத்தறதெல்லாம் உன் கருவி பார்த்துக்கட்டும். இந்தப் பட்டியல் மட்டும் என் குவெரி. ஆனா நீ எண்ணிப் பார்த்த பிறகுதான் கீழே போகணும்" என்றபடி, உரிமையாளர் இல்லாதவையும் வரும்படி குவெரியைத் திருத்தி அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அண்ணி, உரிமையாளர் இல்லாதது மூணு வரணும். ரெண்டுதான் வருது. கறுப்பு நாய்..."

அந்த வரியைத் தேடித் திறந்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் வீட்டு முகவரியே இருந்தது. பக்கத்தில் அண்ணியின் போன் நம்பர்.

"குவெரியைத் திருத்தறேன்னுட்டு டேட்டாவைத் திருத்திட்டு வந்திருக்கீங்க."

"ரெண்டையும்தான் திருத்தினேன்" என்றாள் அண்ணி. "பாக்கி ரெண்டு இருக்கு. உனக்கு எது வேணும், சொல்லு."