செவலைக்கு யாரும் சொல்லவில்லை

என் அக்கா புருஷனான மாமா அவள் சேலையைக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமாக அழுகைதான் வந்திருக்க வேண்டும். என்ன செய்வது? மல்லாட்டைக் கடலை மில்லில் மூட்டை தூக்குகிற மீசைக்காரர், முக்காடு போட்டுக்கொண்டு, என் கண்ணாடி வளையல்கள் கையில் ஏறாமல் அவற்றை ஒரு கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"சிரிக்காத சவுரி, மாடு மெரளும்" என்று பல்லைக் கடித்தார்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வழக்கமாகக் கறக்கிற பெண்பிள்ளை ஊருக்குப் போயிருந்தால் அவள் சேலையை வேறு யாராவது சுற்றிக்கொண்டு உட்காருவார்கள். வாசனையில் மாடு ஏமாந்து பாலை விட்டுவிடும். முந்தின நாள் நான் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செவலை விட்ட உதையில் தொடை கன்றிப்போய், அதற்குப் பிறகு சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை.

என் அக்கா லூர்து மேரி அந்த மாசிமாதம் கிளியனூரில் வாந்திபேதி பரவியபோது போய்விட்டாள். காலையில் கண்டது, சாயங்காலம் கல்லறைக்கு எடுத்துவிட்டார்கள். யுத்தகாலம், மருந்தாவது மாத்திரையாவது. அவள் உடுத்தியது, போர்த்தியது எல்லாவற்றையும் ஊர் எல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த, பால் கறக்கும்போது கட்டுகிற இந்தப் பழஞ்சேலை மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பியது. ஒரே பிள்ளை இருதயசெல்வி, எட்டு வயசு. நோய் ஒட்டிக்கொள்ளுமென்று அவளை அன்றைக்கே விழுப்புரத்துக்கு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ள நானும் இங்கேயே தங்கிவிட்டேன்.

அம்மா எங்கே என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை, அழவுமில்லை. வீட்டுக்குள் கூழ் ஊற்றிக் கொடுத்தால் அப்படியே ஆறிக் கிடக்கும். அதே சட்டியைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செவலையின் எதிரில் உட்கார்ந்தால் வழித்துக் குடிப்பாள். மாட்டின் கழுத்துச் சதையை நீவிக்கொண்டு அங்கேயே சுருண்டு தூங்கிப்போவாள். செவலைக்கும் பொங்கலுக்கு முன்பே கன்று செத்துப்போயிருந்தது. கன்றில்லாமலே அக்கா ஒருத்திக்குத்தான் அது பால் விட்டது. அவள் போனபிறகு காலைக் கட்டி, ஆள் பிடித்து, ஆழாக்குக் கறப்பதற்குள் உயிர் போய்விடும். மடி கட்டிக்கொண்டு மாடு ராத்திரியெல்லாம் கத்தியது. பால் தராத மாட்டுக்குத் தீனி வாங்க மாமாவால் முடியாது. திண்டிவனத்துத் தரகர் சுப்பராயலு அன்றைக்கு வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அதற்குள் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் இந்த வேஷம். மாடும் போய்விட்டால் இந்தப் பிள்ளை எதைக் கட்டிக்கொண்டு தூங்கும்?

செவலை சேலையை முகர்ந்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. மாமா மெல்லக் குந்தி மடியில் கை வைத்தார். மாடு கழுத்தைத் திருப்பி, முக்காட்டுக்குள் மூக்கை நுழைத்து மீசையைப் பார்த்துவிட்டு, அவரைத் தாண்டி வாசலைப் பார்த்துக் கத்தியது. அப்புறம் விட்டது ஒரு உதை. செம்பு ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம்.

வாசலில் செல்வி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"நைனா, மாட்ட ஏமாத்தாதீங்க" என்றாள்.

மாமா சாணியில் உட்கார்ந்தபடி, "இல்லம்மா... அம்மா ஆஸ்பத்திரிலேருந்து வர்ற வரிக்கும்..." என்று இழுத்தார்.

"அம்மா செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடி சொன்னா?"

"அன்னிக்குக் கோயில்ல சாமியாரு சொன்னாரு. லூர்து மேரி ஆத்துமத்துக்காக இன்னிக்குப் பூசைன்னாரு. நீங்க ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கினு அழுதீங்களே. நானும் பக்கத்துலதான இருந்தேன்."

அட கர்த்தரே! வீட்டில் பூட்டிப் பூட்டி வைத்ததை, பூசைக்குப் பேர் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பாவாடை கட்டிக் கையைப் பிடித்து நாங்களே கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்திருக்கிறோம். ஊரே அவளைத் திரும்பிப் பார்த்திருக்கும். எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் அது எட்டவில்லை.

"மாட்டுக்குத்தான் யாருமே சொல்லல" என்றாள் செல்வி. "அது இன்னும் வாசலயே பாத்துக்கினு கீது."

நேராகப் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உதைக்கிற மாடு என்று நான் பதறினேன். மாமா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். செவலையின் காதுக்குள் அவள் வாயை வைத்தாள்.

"செவல, அம்மா வராது. செத்துப்போச்சு. கல்லறயில வெச்சிட்டாங்க. நான் பாக்கல, நீயும் பாக்கல."

அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் குலுங்கியது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ, "யம்மா, யம்மா" என்று அப்படி ஒரு அழுகை. அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாட்டுக்கு என்ன புரிந்ததோ, எனக்குத் தெரியாது. கண்ணீரில் உப்பு இருக்கிறது, மாட்டுக்கு உப்பு பிடிக்கும், அவ்வளவுதான் என்று என் புருஷன் பிற்பாடு சொன்னார். அவர் கிடக்கிறார். செவலை நாக்கை நீட்டி அவள் கன்னத்தை நக்கியது. தாடை, கழுத்து, தலைமயிர் என்று ஒரு இடம் விடாமல், ஈன்ற ஈரத்தோடு கிடக்கிற கன்றை நக்குவதுபோல நக்கிக்கொண்டே இருந்தது. சாணியில் கிடந்த மாமா, "சவுரி, அங்க பாரு!" என்றார். மடிக்காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"செம்பு, செம்பு, ஜல்தி!"

துடைத்துக் கொடுத்தேன். சேலையை அவிழ்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. முக்காடு சரிந்து தோளில் கிடக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறந்தார். செம்பில் நுரை ஏற ஏறச் சத்தம் மாறியது. தெருப்பக்கம் சுப்பராயலு மாமாவைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. "அமிர்தசாமி, கயிறு எடுத்தாந்துகீறேன், மாட்ட அவுக்கலாமா?"

மாமா திரும்பிப் பார்க்காமல் கறந்துகொண்டே இருந்தார். செவலை ஒரு கணம் நக்குவதை நிறுத்திக் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பியது. சொர சொரவென்று தேய்த்ததில் செல்வியின் ஒரு கன்னம் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. அவள் விக்கிக்கொண்டே கண்ணை இறுக மூடி, மற்ற கன்னத்தை மாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாள்.