அரைச் செம்பு இளநீர்

சேமக்காலையில் பிள்ளையை அடக்கிவிட்டு வந்து கால் கழுவ முதலே அம்மா தொடங்கிவிட்டார். "அரைச் செம்பு இளநி! பிள்ளைபெத்தவள் பத்தியம் காக்காமல் அதைக் குடிச்சால் பிள்ளைக்குச் சன்னி வராமல் வேறை என்ன வரும்?" குருநகரில் அம்மாவின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. என் தம்பி கனிசியஸ் விறாந்தையில் தலையைக் கையில் தாங்கியபடி இருந்தான். அவன் மனைவி லூர்த்தம்மா அறைக்குள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பிள்ளைக்குப் பதினேழு நாள்தான்.

தம்பி முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்கப் போயிருந்தான். பிள்ளை பிறந்த சேதி கேட்டு, காய்ச்சலோடேயே கிளாலிக் கடல் தாண்டி எட்டாம் நாள் வந்து சேர்ந்தான். தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு உதட்டில் முத்தமிட்டுக் கொஞ்சினான். ஒருதரம் அல்ல, ஆசை தீருமட்டும். காய்ச்சலில் பொங்கிய புண் அவன் மேலுதட்டில் அப்போதும் காயவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு கிழமை கழியப் பிள்ளைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வாட்டு கூட்டுகிறவள் நான். அந்தப் பழக்கத்தில் டொக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளையின் வாயோரத்துக் கொப்புளங்களைக் காட்டினார்.

"வீட்டிலை ஆருக்கும் உதட்டிலை புண் இருந்ததோ?"

நான் தலையாட்டினேன். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

"பெரியாக்களுக்கு உது ஒண்டுமில்லை. இரத்தத்திலை இருக்கிற வெள்ளை அணுக்கள் அந்தப் புண்ணின்ரை கிருமியைப் பெருக விடாமல் அமத்தி வைச்சிருக்கும். காய்ச்சலிலை அதுகள் சோர்ந்தால் உதட்டிலை வெளிக்கிடும், பிறகு அடங்கீடும். பிறந்த பிள்ளையின்ரை அணுக்களுக்கு இன்னும் சண்டை பிடிக்கத் தெரியாது. மூளைக்கு ஏறியிட்டுது போலை. மருந்து கொழும்பிலைதான் எடுக்கலாம்."

தொண்ணூற்றிரண்டில் கொழும்பு எங்கே, நாங்கள் எங்கே. போரில் பாதை பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

அம்மாவின் குரல் ஓயவில்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, லூர்த்தம்மாவின் காதோடு முழுவதையும் சொன்னேன். இளநீரால் அல்ல என்று தெரிந்தால் அவளுக்கு மூச்சு வரும் என்று நினைத்தேன்.

"அவருக்குச் சொன்னனீங்களோ, மச்சாள்?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ. அவர் கடலுக்குப் போறவர். பிறகு திரும்பி வரமாட்டார்."

எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"ஓம் மாமி. தாகம் பொறுக்கேலாமல் நான்தான் குடிச்சனான். என்ரை பிழைதான்."

அதுவரை அம்மாவின் பேச்சைக் காதில் போடாமல் இருந்த தம்பி தலையை நிமிர்த்தினான். அவளை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. என் நாக்கு நுனிவரை உண்மை வந்தது. கோழை நான், விழுங்கிவிட்டேன். அவன் எழும்பி, அவள் மேல் படாமல் விலகி, வெயிலுக்குள் இறங்கிப் போனான்.

குடிக்கப் பிள்ளை இல்லாத பால் சுரந்து அவள் சட்டை இரண்டு பக்கமும் நனைந்துகொண்டிருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. ஒழுங்கை முடக்கில் அவன் முதுகு மறையும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.