வானத்தைச் சாய்த்த கோல்

"வீடா இது, காயலாங்கடையா?"

"கடை இல்லடி. அந்தக் காலத்துப் போர் விமானத்தோட ஓட்டுநர் அறை."

கணினியில் விமானம் ஓட்டி விளையாடுவதற்காக அவள் கணவன் பழைய சாமான்களை வீட்டில் குவித்தபோது, ஒரு வருடத்துக்கு முன் நடந்த பேச்சு அது. அன்றிலிருந்து அவள் அவனைக் கேலி செய்யாத நாளில்லை. தனக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை என்பதை மட்டும் மனதோடு வைத்துக்கொண்டாள்.

இன்று அவன் விளையாட்டை ஓடவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். தூசி தட்ட வந்தவள், சைக்கிள் கைப்பிடியில் சோபா ஸ்பிரிங்கை மாட்டி அவன் செய்திருந்த கட்டுப்பாட்டுக் கோலைத் துடைத்தாள். எதிர்க்காற்று தள்ளுவதுபோல் அது கையை அழுத்தியது. திரையில் வானமே சாய்ந்தது. மேகங்கள் சரிய, கடல் பக்கவாட்டில் எழுந்து நின்றது. அவள் துணியைப் போட்டுவிட்டுக் கோலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, மகாராணிக்குப் பேச்சு மூச்சே காணோம்?" ஈரத்தலையோடு வாசலில் அவன்.

கோலை விடாமலே சொன்னாள்: "ஏங்க, என்னையும் ஒரு தடவை ஓட்ட விடுங்களேன்."