இருபத்தேழு

புல் விதை பிடித்துவிட்டது என்று இனிகோ அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டான். அங்கேதான் அவசரப்பட்டான்.

ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு, கன்னிவாடித் தோட்டத்து மோட்டார் ரூமில் தனியாகக் கிடக்கிறவன். வரப்பு அருகம்புல்லுக்குக் குரோமோசோம் முப்பத்தாறு. வெளியூரிலிருந்து வாங்கிவந்த குட்டைப்புல்லுக்குப் பதினெட்டு. அதன் மகரந்தத்தை அருகம்புல்லின் பூவில் சேர்த்ததில் ஒரே ஒரு செடி தேறியது. தொட்டியில் மெத்தை மாதிரிப் படர்ந்தது. பங்குனி வெயிலிலும் பச்சை மாறவில்லை.

இரண்டு புல்லும் ஆளுக்குப் பாதி கொடுத்தால் பிள்ளைச் செடிக்கு இருபத்தேழு. ஜோடி சேராது, விதை வராது. அபூர்வமாகக் குட்டைப்புல் பாதியாக்காமல் முழுசையும் கொடுத்துவிடும். அப்போது முப்பத்தாறு, விதை வரும். புல்லின் கொடியை வெட்டி விற்கிற நர்சரிகள் எத்தனையோ இருக்கின்றன. இனிகோவுக்கு வேண்டியது அதன் பிள்ளைகள்.

"வாரிசு இல்லாத புல்லுக்கு நிலம் எதுக்குடா? சாமந்திக்குக் குத்தகை விட்டுருவேன்" என்று அப்பா ராயப்பராஜ் முன்பே சொல்லியிருந்தார். அதனாலேயே செடியின் குரோமோசோமை எண்ணிப் பார்க்கப் பயந்து தள்ளிப்போட்டான்.

இப்போது தொட்டியில் உருவிய விதை கையில் இருந்தது. தைரியமாகச் செடியின் வேர்நுனியை வெட்டிச் சாயத்தில் போட்டான். கண்ணாடியில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

இருபத்தேழு. இன்னொரு செல்லிலும் இருபத்தேழு.

வெளியே வந்து, விதை உருவிய கதிர் நின்ற தண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். அது தொட்டி விளிம்பையும் வாய்க்காலையும் தாண்டி வரப்பில் போய் முடிந்தது. சாதாரண அருகு.

"முத்துப்பேச்சியக்கா, தொட்டிக்குள்ள வந்த அருகை ஏன் பிடுங்கல?"

களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன் அப்பு, ஊரே அருகைப் பிடுங்கி எறியுது. நீ ஒருத்தன்தான் தொட்டியில வச்சு வளக்குறே. இதுல எதைப் பிடுங்க, எதை விட? வைவியேன்னு ரெண்டுக்கும் சேத்துத்தான் தண்ணி ஊத்துனேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதற்குள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பாவை அழைத்தான். "அந்த விதை அதோடது இல்லப்பா. குத்தகைக்கு விட்டுருங்க."

"சரி."

வீட்டுக்கு வாரியா என்று கேட்பார் எனப் போனைச் செத்த நேரம் காதிலேயே வைத்திருந்தான். அவர் அப்போதே போனை வைத்துவிட்டிருந்தார்.

இனிகோ செடியில் ஒரு கணுவைக் கிள்ளிப் பக்கத்துத் தொட்டியில் ஊன்றினான். வேர் பிடித்துவிடும், சந்தேகமில்லை. அங்கே வரப்போவதும் இதே செடிதான்.