சிவராசாவுக்கு வந்த மோல்ட்

ஆஸ்பத்திரியில் சிவராசாவின் கண் பக்கத்துக் கட்டிலை விட்டு நகர மறுத்தது. அங்கே சிவப்புப் பெட்டி மோல்ட் மலையாகக் குவிந்திருந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் மாத்தளையில் யாருக்கும் கிடையாது. பாலில் கரைத்துக் குடிக்கும் சத்துமாவான மோல்டில் ஒரு பெட்டியாவது கொண்டுபோக வேண்டும். அதிலும் பேர்போன சிவப்புப் பெட்டி என்றால்தான் மரியாதை. பக்கத்துக் கட்டில் ஸக்கரியா ஹாஜியார், டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர், அந்த மரியாதைக்குள் மூழ்கிக் கிடந்தார். காய்ச்சல் பார்க்க வரும் தாதி பெட்டிகளை விலக்கித்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சிவராசாவுக்கு வந்தவை எல்லாம் வெள்ளைப் பொலித்தீன் பைகள். பேரில்லாத மோல்ட்.

யாரை நோவது? மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கணக்குப் பகுதியில் இருந்துகொண்டு, "பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் ஏன் காசு குடுக்கோணும்? உள்ளுக்கை இருக்கிறது ஒண்டுதானே" என்று கண்டவர்களை எல்லாம் பிடித்துவைத்துப் பேசியவர் அவர்தான். வீட்டில் சவர்க்காரம் முதல் தேயிலை வரை எதற்கும் பேர் கிடையாது. யாராவது பேர்போன பிஸ்கட் கொண்டுவந்தால் போத்தலில் கொட்டிவிட்டு உறையை முற்றத்தில் எரிப்பார். நோயாளிகளைப் பார்க்கப் போனாலும் வெள்ளைப் பைதான், கூடவே நீண்ட விளக்கம். கட்டிலில் கிடப்பவர்கள் எழுந்து ஓடவா முடியும்?

இப்போது ஹேர்னியா ஒப்பரேஷன் முடிந்து தானே கட்டிலில் விழுந்ததும் மனசு கட்சி மாறிவிட்டது. ஒரேயொரு சிவப்புப் பெட்டி வந்தால் போதும். ஊர் தன்னையும் ஒரு மனிதனாக மதிக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

"சேர், ஒண்டு எடுத்துக்கோங்க. எனக்கு வைக்க இடமில்ல," என்றார் ஹாஜியார்.

"சீச்சீ, அதெல்லாம் எங்களுக்குச் சரிவராது," என்றார் சிவராசா. பிறகு சொன்ன வாயை மனதுக்குள் திட்டித் தீர்த்தார்.

பின்னேரம் அலுவலகத்து நிஷாந்தி வந்தாள். நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்தவள், வியர்த்துக் களைத்திருந்தாள். கைப்பையைத் திறந்தாள். சிவராசா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைப் பை.

அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "சேர் சொன்னத நாங்க மறக்க இல்ல," என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மனைவி மங்கையற்கரசி சாப்பாட்டோடு வந்ததும் அவர் உடைந்துபோனார். "என்னை ஒருத்தரும் மதிக்கேல்லையப்பா. அங்கை பாரும், ஹாஜியாருக்கு எத்தனை சிவப்புப் பெட்டி! எனக்கு மட்டும் மலிவுச் சாமான்."

"உங்களுக்கென்ன விசரே? சிவப்புப் பெட்டி ஆஸ்பத்திரி வாசல் கடையிலேயே கிடக்கு, வாற வழியிலை வாங்கலாம். உங்கடை வெள்ளைப் பை உக்குவளையிலை ஒரேயொரு கடையிலைதான் இருக்கு. எல்லாரும் எனக்குப் போன் எடுத்து வழி கேட்டுத் தேடிப் போகினம். நிஷாந்தி மாத்தளையைத் தாண்டி உக்குவளைக்குப் போய்த் திரும்பி வந்தவள். சேருக்கு வேறை ஒண்டும் பிடிக்காதாம்."

சிவராசா வெள்ளைப் பைகளை அருகே இழுத்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினார். நெஞ்சு நிறைந்துவிட்டது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அந்த மனுஷனுக்காக ஒருவரும் வாசல் கடையைத் தாண்டிப் போகவில்லையே என்று இரக்கம்கூட வந்தது.

பிறகு மெல்ல மனைவியின் கையைப் பிடித்தார்.

"இஞ்சரும், இனி ஆரும் போன் எடுத்தால், அவ்வளவு தூரம் அலைய வேண்டாமெண்டு சொல்லும். பாவங்கள். வாசல் கடையிலை இருக்கிறதையே வாங்கட்டும்."