அவளே இறங்கினாள்

அண்ணன் போனில் பேசுவது சமையலறை வரைக்கும் கேட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க மாப்ள. அவளே வரேன்னு சொல்லிட்டா. நாங்க யாரும் வற்புறுத்தல." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் கை நிற்கவில்லை. நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆளோடு இனி ஒரே கூரைக்குக் கீழே படுக்க மாட்டேன் என்று முந்தின நாள்தான் அண்ணனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "சரி சரி, பாக்கலாம்" என்ற அதே வாய்தான் இது.

"நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டேன்.

"சொல்லாட்டி என்ன, சொல்லப்போறதுதானே. என் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. வர்றவங்கெல்லாம் முதல்ல உன்னப் பத்திதான் கேக்கறாங்க. நம்ம குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன, ஊருக்கே தெரியும். எங்கள் ஊர்ப் பழங்காலத்துக் கோயிலின் வடக்கு மதில் கட்டக் கட்டச் சரிந்ததாம். விடிவதற்குள் மதில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உன் தலை இருக்காது என்று ராஜா கல்தச்சனிடம் சொல்லிவிட்டாராம். தச்சனின் தங்கை அஸ்திவாரக் குழியில் இறங்கி நின்றாளாம். அவள் மேல் எழுப்பிய மதில் இன்றைக்கும் அசையவில்லையாம். அந்தத் தச்சனின் வழிவந்தவர்கள் நாங்கள். ஒரு பெண்ணை உயிரோடு புதைத்ததற்குத் தலைமுறை தலைமுறையாக மரியாதை வாங்கித் தின்கிறோம். மதிலில் அவள் சிலை இருக்கிறது. புகுந்த வீட்டில் பொறுமையாக இருக்கவேண்டும் என்று புதிதாகக் கல்யாணமான பெண்களைக் கூட்டிவந்து அவள் முகத்தைத் தொடச் சொல்வார்கள். தொட்டுத் தொட்டு அவளுக்கு மூக்கே இல்லாமல் போய்விட்டது. நானும் தொட்டேன். வேண்டிய மட்டும் பொறுத்தும் பார்த்தேன்.

அண்ணனுக்கு அங்கே வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்லுகிற வேலை. இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், கன்னத்தை ஒட்டி மைக். அப்பாவும் மைக் இல்லாமல் அதே வேலைதான் பார்த்தார். அப்பா சொன்ன கதையில் அவள் இறங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவளை அண்ணன்காரன் தூக்கிக்கொண்டு போனான். குழிக்குள் விழித்துக்கொண்டவள், "அண்ணா, நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் அடுத்த கல்லை வைத்தான். அப்பா அதைச் சொல்லும்போது கூட்டத்தில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். கதை அண்ணன் கைக்கு வந்ததும் முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் அந்தக் கேள்வி போயிற்று. இப்போது அவள் குளித்து, புதுப்புடவை கட்டி, சிரித்துக்கொண்டே இறங்குகிறாள். "ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க அழறதுக்கா வர்றாங்க?" என்பான். கேட்கிறவர்கள் கைகூடத் தட்டுகிறார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் காரோடு வந்தார். என் இடது மணிக்கட்டை மட்டும் பார்க்கவே இல்லை. அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது அவர்தான். ஆஸ்பத்திரியில், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னதும் அவர்தான். நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஊசிக்கு அடியில் துணியை வளைத்துத் திருப்ப இப்போது இந்தக் கை வணங்குவதில்லை, கழுத்து வளைவெல்லாம் கோணிக்கொண்டு போகிறது. அண்ணி என் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும்கூட மறக்காமல் அடியில் வைத்திருந்தாள். மறந்துவிட்டேன் என்று திரும்பி வர ஒரு சாக்குகூட மிச்சம் வைக்கவில்லை, மகராசி.

"கோயில்ல ஒரு கும்பிடு போட்டுட்டு அப்படியே கிளம்பிடுங்க" என்று அண்ணன் எங்களைக் கூட்டிப்போனான். அங்கே அவனுக்காக ஒரு பெரிய கூட்டம் காத்திருந்தது. சிலைக்குப் பக்கத்தில் எங்களையும் நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தான். "யாரும் அவளை வற்புறுத்தல. சிரிச்ச முகமா அவளே இறங்கினா." போனில் கேட்ட அதே குரல், அதே வார்த்தை.

"பொய்," என்றேன். "அவ இறங்கல. கூடப்பொறந்தவன் தூக்கிட்டு வந்து வச்சான். நான் என்ன பண்ணேன்னு கேட்டா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் பதில் சொல்லல."

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நொடிதான். "என் தங்கச்சிதாங்க. அதே ரத்தமாச்சே, உணர்ச்சிவசப்பட்டுட்டா," என்று மைக்கில் சொன்னான். கூட்டம் சிரித்தது. ஓர் அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் பையைத் தூக்கிக்கொண்டார். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவை எனக்கு நன்றாகத் தெரியும். காரை நோக்கி நடந்துவிட்டார்.

நான் அவர் பின்னால் போகவில்லை. மதிலில் சாய்ந்து நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமல் கூட்டத்தை அடுத்த மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். வெளியே ஹார்ன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை நீளமாக. அதற்குள் வேறொரு குடும்பம் வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான பெண்ணை எல்லோருமாகச் சேர்ந்து முன்னால் தள்ளினார்கள். போனை உயர்த்திப் பிடித்திருந்த ஒருவர், "கொஞ்சம் நகருங்கம்மா, சிலைய மறைக்கிறீங்க," என்றார். அந்தப் பெண் கையை நீட்டியபடியே நின்றாள். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.