நாணயப் பெட்டியில் அப்பாவின் கையெழுத்து

நாணயக்கடை முதலாளி அவளுக்கு வைத்த பெயர் பசை. வெள்ளி நாணயத்தையும் கையெழுத்துப் போட்ட அட்டையையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மெஷினில் சூடு காட்டி ஒட்டுவது அவள் வேலை. எதையாவது பிடித்தால் விடமாட்டாள் என்பது இன்னொரு காரணம். அட்டைகளில் கையெழுத்துப் போடுகிறவர், எதிரியின் முகாமில் கைதியாகக் கிடந்து மீண்ட ஒரு சிப்பாய்ப் பெரியவர். வாங்குகிறவர்கள் நாணயத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அந்தக் கிறுக்கலுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். பைத்தியத்துக்கா பஞ்சம்?

அன்று மதியம் புது அட்டைக் கட்டைப் பிரித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஓர் அட்டையில் இருந்தது பெரியவரின் கையெழுத்து இல்லை. அவளுடைய அப்பாவின் கையெழுத்து.

அம்மாவின் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் அப்பா போட்டது அவளுக்கு மனப்பாடம். கடைசி எழுத்தின் வால் சுழன்று வந்து முதல் எழுத்தைத் தொடும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா போருக்குப் போய்ப் பிடிபட்டார். அவர் வருவதற்குள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். எலும்பும் தோலுமாகத் திரும்பியவர், விரல் முறிந்துவிட்டது என்று அன்றிலிருந்து கைநாட்டுதான் வைக்கிறார். போட்டோவில் இருக்கிற முகம் இல்லையே என்று யாரோ இழுத்ததற்கு, "பட்டினி கிடந்தா முகம் மாறத்தான் செய்யும்" என்று அதுவரை அவளை வளர்த்த சித்தி வாயடைத்துவிட்டாள்.

அட்டைகளை அள்ளிக்கொண்டு அவள் பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பாட்டு மேஜையில் அடுத்த கட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் அட்டைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததற்குப் பேனாவை இடது கைக்கு மாற்றினார். அதற்கும் அடுத்ததைக் கூனிக் குறுகி, இருமிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்ததும் இருமல் நின்றுவிட்டது.

"ஐயா, இது யார் கையெழுத்து?"

"இதையும் போட்டுட்டேனா?" என்றார் பெரியவர். "கட்டு கட்டா முன்னால வச்சா கை பழைய வேலையைப் பார்க்குதும்மா. முகாம்ல காலையில கையெழுத்துப் போட்டாத்தான் ரொட்டி. ராத்திரி செத்தவனைப் போர்த்தி வச்சுட்டு, அவனுக்கும் நானே போட்டுருவேன். அவன் பங்கைப் பிரிச்சுத் தின்போம். காவக்காரனுக்கு எங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணுதான்."

"இவரும் செத்துட்டாரா?"

"என் பக்கத்துலதான் செத்தான். வம்பு என்னன்னா, அப்புறம் அவனுக்கு விடுதலைன்னு பேரைக் கூப்பிட்டுட்டாங்க. ஆள் இல்லைன்னா எங்க எல்லாரையும் சுட்டிருப்பாங்க. அவனோட கூட்டாளியை அவன் பேருல எழுப்பி நிறுத்தினோம். 'என் பிள்ளையைப் பார்த்துக்க'ன்னு அவன் சாகுறப்போ சொன்னது அந்தக் கூட்டாளிகிட்டத்தான்." கட்டிலிருந்து இன்னோர் அட்டையை உருவினார். "இது வெளிய போனானே, அந்தக் கூட்டாளியோடது. அவன் குறையுறது தெரியக்கூடாதுன்னு, கடைசி வரைக்கும் இதையும் நான்தான் போட்டேன்."

அவள் அந்தப் பெயரை வாசித்தாள். கேள்விப்படாத பெயர். ஜுரத்தில் கண்விழித்து, பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்று தன்னை வளர்த்தவர் யார் என்பது அதில் இருந்தது. அதையும் மற்ற அட்டைகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முறிந்ததாகச் சொன்ன விரல்கள் ஒரே முயற்சியில் நூலைக் கோத்தன. இத்தனை வருஷம் இது உறைக்காமல் போனதே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அட்டைகளை அவர் முன்னால் பரப்பினாள்.

"இதுல உங்களோடது எது?"

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. ஆனால் மறைக்கப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அட்டையாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தன் சொந்தப் பெயரையும் எடுத்தார், வாசித்தார், மற்றவற்றோடு வைத்துவிட்டார்.

"தெரியலைம்மா. அவன் பேரைக் கூப்பிட்டப்பல்லாம் திரும்பித் திரும்பி, என்னோட பேரே போயிருச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. தனக்காக அவர் தொலைத்த பெயரைத் தானே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். "வா, உள்ளே வா" என்று சொல்லி, ஓர் ஆள் நுழைய இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.